கடைமடையில் ஒரு துண்டு

ஆறு எங்கள் கொரம்பை அடித்துக்கொண்டு போவது புதிதில்லை. மூங்கிலும் வாழைத்தண்டும் வைக்கோலும் மணலும் போட்டு ஆற்றுக்குக் குறுக்கே கட்டுகிற தடுப்பு, ஆற்றுக்குக் கோபம் வந்தால் நிற்குமா? போகும் என்று தெரிந்துதான் கட்டுகிறோம். மறுபடி கட்டத்தானே கை இருக்கிறது. எங்கள் சாந்தா ஒலிவா ஊர்க்காரன் எவனையாவது பிடித்து, உன் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால், கொரம்பு கட்டுவோம், சாப்பிடுவோம் என்பான். கட்டுவது அவர்கள், சாப்பாடு நான்.

என் பெயர் மெலெசியோ. வாய்க்கால் சங்கத்தின் சமையல்காரன். சமையல்காரனுக்கு ஆற்றில் இறங்குகிற வேலை கிடையாது என்பது முப்பாட்டன் காலத்துச் சட்டம். மற்றச் சட்டங்களை யார் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

அந்த அக்டோபர்ப் புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் எருமைக்கொம்பு ஊதியது. கொம்புச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மூங்கிலோடு ஆற்றங்கரைக்கு வந்துவிட வேண்டும். நான் கரையில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் உலை வைத்துவிட்டு, வருகிற தலைகளைப் பார்த்தபடி நின்றேன். அரிசி போட எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே. பாதி அண்டாவுக்குக்கூட ஆள் சேரவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைமடைக்காரர்கள். தலைமடையில் நிலம் வைத்திருக்கிறவர்கள் அபராதத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன வந்தது? கொரம்பு அரைகுறையாக நின்றாலே தலைமடைக்குத் தண்ணீர் ஏறிவிடும். முழுதாகக் கட்டினால்தான் கடைசி வயல்வரை போகும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது யாருக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, எங்கள் தலைமடைக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

தலைமடைக்காரர்களில் வந்திருந்த ஒரே பெரிய ஆள் ருஃபினோ அக்தெப்பா. சங்கத் தலைவராயிற்றே, வராமல் முடியாது. கொம்பு ஊதியதும் அவர்தான். அறுபதைத் தாண்டிய மனிதர், தொண்டை மட்டும் இருபது வயசு. கரையில் நின்று, "அந்த மூங்கில இன்னும் சாய்ச்சு வைடா! உன் பாட்டியையா படுக்க வைக்கிறே?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

இடுப்பளவு தண்ணீரில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் க்ளாரோ பஸ்குவா. ருஃபினோவின் மகள் நொர்மிண்டாவுக்கு ஞானத்தகப்பன். அந்த ஞானஸ்நானத்திலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். திட்டும்போதும் அப்படித்தான்.

"கும்பாரே, வாய் வலிக்கலையா? கொஞ்ச நேரம் எறங்கி நின்னு பாருங்களேன், தண்ணி சுகமா இருக்கு" என்றார் க்ளாரோ.

"நான் எறங்கிட்டா கரையில யாரு மூளையா இருக்கிறது?"

"மூளைதான் சமையல்காரன்கிட்ட இருக்கே. ஈரலோட சேர்த்து வதக்கிக்கிட்டிருக்கான்."

நொர்மிண்டாவும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். நகராட்சியின் திட்ட அலுவலகத்தில் வேலை. சரித்திரம் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று ஊரில் கேலி செய்வார்கள். காரணம் இருந்தது. எங்கள் ஆற்றோரச் சங்கங்களுக்குச் சிமெண்டு அணையும் அறுவடை இயந்திரமும் தர நகராட்சியிடம் பணம் வந்திருந்தது. ஆனால் நிலத்தை ஒரே கட்டாகச் சேர்த்துக்கொண்ட ஊருக்குத்தான் தரலாம் என்று ஒரு தீர்மானம் தயாராகிக்கொண்டிருந்தது. துண்டு துண்டான வயலில் இயந்திரம் திரும்ப முடியாதாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் துணை மேயரம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது: இந்தத் துண்டுகளைப் போட்ட பழைய ஆட்கள் முட்டாள்களா, இல்லை காரணத்தோடுதான் போட்டார்களா? அதைக் கண்டுபிடித்துச் சொல் என்று நொர்மிண்டாவை அனுப்பினார்கள். அவள் ஒரு வருடமாக ஆற்றோரம் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் கறி பங்கு போட்டோம். வேலை நாளில் ஓர் ஆடு அடிப்போம். பாதி குழம்புக்கு, பாதி வீட்டுக்குக் கொண்டுபோக. குழம்பில் குடலும் ஈரலும் இஞ்சியும் போட்டு, இறக்குகிற நேரத்தில் பித்தநீரை அளவாக ஊற்ற வேண்டும். ஒரு கரண்டி கூடினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அளவு என் கையில் இருக்கிறது, யாருக்கும் சொல்ல மாட்டேன். பச்சைக் கறியைப் பங்கு போடுவது மட்டும் தலைவர் வேலை. ருஃபினோ சம்மணமிட்டு உட்கார்ந்து, வாழையிலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வோர் இலையிலும் தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, தோலில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டே போவார். ஓர் இலைக்கும் இன்னோர் இலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அன்றைக்குத் தலைமடை பொனிஃபாசியோவின் மருமகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சட்டை மடிப்பு கலையவில்லை.

"மாமா அபராதம் கட்டியாச்சு. எங்க பங்கை முழுத் தொடையாக் குடுத்துடுங்க. தோலு, எலும்பெல்லாம் எங்க வீட்டுல தொட மாட்டாங்க."

ருஃபினோ கத்தியைக் கீழே வைத்தார்.

"தொடை உனக்கு. அப்ப எலும்பு யாருக்கு?"

"யாராவது எடுத்துக்கட்டும்."

"யாராவதுன்னு ஒருத்தன் இந்தச் சங்கத்துல இல்லடா. தொடைய ஒருத்தன் தூக்கிக்கிட்டுப் போனா, எலும்பு வாங்கினவன் அடுத்த தடவை கொம்பு ஊதினா வருவானா? நல்லதுலயும் ஒரு துண்டு, கெட்டதுலயும் ஒரு துண்டு. அதுதான் பங்கு. வேணும்னா எடு, இல்லைன்னா நடை."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நொர்மிண்டா மட்டும் தன் தகப்பனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. என்ன பயம் என்று எனக்குச் சாயங்காலம்தான் விளங்கியது.

சாயங்காலம் கரும்புக் காடி கொஞ்சம் வாங்கிவரலாம் என்று ருஃபினோ வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கரிதாட் புளிக்கவைக்கிற காடிக்கு ஈடு இந்தத் தாலுகாவில் கிடையாது. வீட்டு உத்தரம் முழுக்கப் பூண்டுக் கட்டுகள் தொங்கின. நெல் அறுத்த பிறகு தலைமடை வயலில் அவர் போடுகிற பூண்டு, வியாபாரிகள் முன்பணத்தோடு வந்து நிற்கிற பூண்டு. சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் தட்டு வைத்தார்கள். கத்திரிக்காயும் பாகற்காயும் மீன்சாறு ஊற்றி வேகவைத்தது. நல்ல ருசி. ஆனால் யாரும் சாப்பிடுகிற வழியாகத் தெரியவில்லை.

"வியாழக்கிழமை நீ படிக்கப் போற அறிக்கையில நம்ம சங்கமும் இருக்கா?" என்று கேட்டார் ருஃபினோ.

"இருக்குப்பா."

"என்ன எழுதியிருக்கே?"

"உள்ளதத்தான். ஆத்தோரம் இருக்கிற எல்லாச் சங்கத்தையும் நூறு வருஷத்துக்குப் பின்னால போய்ப் பார்த்தேன். பாதிரியாருங்க எழுதின கடுதாசி, கோர்ட்டுக்குப் போன தண்ணி வழக்கு, உலகச் சண்டைக் காலத்துல விமானத்துல இருந்து எடுத்த படம், ஊருல பெரியவங்க சொன்னது, எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒண்ணுதான் தெரியுது. எங்கெல்லாம் ஒவ்வொருத்தனுக்கும் தலைமடையில ஒரு துண்டு, நடுவுல ஒரு துண்டு, கடைமடையில ஒரு துண்டுன்னு இருந்துச்சோ, அங்கெல்லாம் வெள்ளம் வடிஞ்ச கையோட கொரம்பு எழுந்துடுச்சு. எங்கெல்லாம் மாத்திக்கிட்டாங்களோ, அங்கெல்லாம் ஒரு தலைமுறைக்குள்ள அரைக் கொரம்பு."

"மழை கொறைஞ்சு போச்சு. ஆறு மேடாயிடுச்சு."

"அதையும் பார்த்தேன். நமக்கு மேலண்டை ஊரும் இதே ஆறு, இதே மழைதான். அவங்க மாத்தலை. அவங்க கடைமடையில இன்னைக்கும் ரெண்டாம் போகம் விளையுது."

"மாத்தியும் நல்லா இருக்கிற ஊரே கிடையாதா?"

"ஒண்ணு இருக்கு. அங்க பாறையில ஆறு ஓடுது, தடுப்பு ஒடையறதே இல்லை. அதனால யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. அதையும் எழுதியிருக்கேன். எனக்குப் பிடிச்சதை மட்டும் எழுதினா அது சரித்திரம் இல்லப்பா, வக்காலத்து."

ருஃபினோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோறு கூழாகிவிட்டது.

"நம்ம ஊரை விட்டுடு" என்றார்.

"எப்படி விடறது? மாத்தின மொத ஊரே நம்ம ஊருதான்."

"மொதல்ல மாத்தினது யாருன்னு எழுதியிருக்கியா?"

கரிதாட் கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்குக் காடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. ஏனென்றால் முதலில் மாற்றியது யார் என்பது ஊருக்கே தெரியும். நொர்மிண்டாவின் ஞானஸ்நான விருந்துக்குச் சமைத்தவன் நான். கரும்பு மது இரண்டு சுற்று வந்த பிறகு, ருஃபினோவும் க்ளாரோவும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு எழுந்து நின்று ஊருக்குச் சொன்னார்கள். ருஃபினோ வீடு தலைமடையில், க்ளாரோ வீடு கடைமடையில். இரண்டு பேருக்கும் இரண்டு இடத்திலும் துண்டு. ஏன் நடந்து நடந்து கால் தேய வேண்டும்? மேலே இருக்கிறதெல்லாம் உனக்கு, கீழே இருக்கிறதெல்லாம் எனக்கு. ஊரே கை தட்டியது. கும்பாரே என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நான்கு பேர் அதேபோல் மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும். பத்திரம் எழுத டவுனுக்குப் போகச் சோம்பல்பட்டு நான் மட்டும் மாற்றவில்லை. இப்போது அதை முன்யோசனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

"பேரு எழுதலப்பா. ரெண்டு நண்பர்கள்னு போட்டிருக்கேன். ஆனா யாருன்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"நான் என்ன அவனை ஏமாத்தினேனா? கயிறு போட்டு அளந்து, அவனுக்கு ஒரு முழம் கூடவே விட்டேன். மெலே, நீ சொல்லு, ஏமாத்தினேனா?"

"ஏமாத்தலை அண்ணே" என்றேன். அது உண்மை.

"ஏமாத்தினீங்கன்னு நான் எங்கப்பா சொன்னேன்? ஆசையாத்தான் செஞ்சீங்க. ஆனா மறுவருஷத்துல இருந்து கடைமடையைப் பத்திக் கவலைப்பட உங்களுக்குக் காரணம் இல்லாமப் போச்சு. உங்களுக்கு மட்டும் இல்லை, மேல இருக்கிற யாருக்குமே. மத்தியானம் அந்தப் பையன்கிட்ட நீங்க சொன்னீங்களே, நல்லதுலயும் ஒரு துண்டு, கெட்டதுலயும் ஒரு துண்டுன்னு. நான் ஒரு வருஷம் அலைஞ்சு எழுதினதை நீங்க ஆட்டுக்கறிய வச்சுக்கிட்டுச் சொல்லிட்டீங்க. வயலுக்கும் அதுதாம்ப்பா."

ருஃபினோவின் முகம் இறுகியது. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"என் ஆயுசுல நான் யோசிக்காம, கணக்குப் பார்க்காம செஞ்ச ஒரே நல்ல காரியம்டீ அது. உன் ஞானஸ்நானத்தன்னைக்கு. அதையா தப்புன்னு ஊரைக் கூட்டிப் படிக்கப் போறே?"

நொர்மிண்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமலே பேசினாள்.

"படிக்கலைன்னா தீர்மானம் அவங்க பக்கம் போயிடும்ப்பா. கட்டு நிலம், சிமெண்டு அணை. அணைய ஆறு ஒருநாள் ஒடைக்கும், அன்னைக்குக் கட்ட வர்றதுக்கு மேல ஒருத்தனுக்கும் காரணம் இருக்காது. ஞானப்பா நிலம் ஒரேயடியாக் காஞ்சுடும். அவர் வித்துட்டு ஹவாயில மகன்கிட்ட போய் உக்காந்துடுவாரு."

"உன் பக்கம் வந்தா?"

"இந்தப் பூண்டு நிலத்துல பாதி போகும். அதுக்குப் பதிலா கடைமடையில வரும்."

"காஞ்ச நிலம்."

"நீங்க அங்க போனா காயாது" என்றாள்.

ருஃபினோ எழுந்து கை கழுவப் போய்விட்டார். கரிதாட் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "எருமைய வித்து அவளைப் படிக்க வச்சது நீங்கதானே? இப்ப படிப்பு சரியில்லைன்னா எருமையத் திருப்பிக் கேளுங்க. சோறு ஆறுது, வந்து உக்காருங்க." அவர் வரவில்லை. நான் காடியை மறந்து வீடு வந்து சேர்ந்தேன்.

வியாழக்கிழமை கூட்டம் கூடைப்பந்து மைதானத்துக் கொட்டகையில் நடந்தது. இரண்டு வளையத்துக்கும் நடுவில் மேசை போட்டுத் துணை மேயரம்மா உட்கார்ந்தார். முதலில் எஞ்சினியர் தெல்ஃபின் பேசினார். நல்ல மனிதர், விவரமானவர். இயந்திரம் வந்தால் அறுவடைக்கு ஆள் தேட வேண்டாம், கட்டு நிலமானால் வரப்பு மிச்சம், நடை மிச்சம் என்று படம் போட்டுக் காட்டினார். எனக்கே தலை ஆடியது. நியாயமாகச் சொன்னால் யாருக்குத்தான் தலை ஆடாது?

பிறகு நொர்மிண்டா எழுந்தாள். அந்தப் பழைய விமானப் படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். வாய்க்காலுக்குக் குறுக்கே பாய் பின்னினதுபோல் எங்கள் ஊர் வயல்கள், நீள நீளமாக. பக்கத்தில் இன்றைய படம், கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டங்கள் பழுப்பு.

"வரலாறு சோறு போடுமா?" என்று பின்னாலிருந்து பொனிஃபாசியோ குரல் கொடுத்தான்.

"ஊருக்குச் சோறு போடறவன் நான். உக்காரு" என்றேன். கொட்டகை சிரித்தது. அன்றைய தினம் அரசாங்கக் காரியத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

நொர்மிண்டா படித்தாள். வெள்ளம் வந்த வருடங்கள், எந்த ஊரில் கொரம்பு எப்போது எழுந்தது, எந்த ஊரில் எழவில்லை. பாறை ஆற்று ஊரைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். "ஆறு ஒடைக்காத இடத்துல கட்டு நிலம் குடுங்க, தப்பில்லை. ஆறு ஒடைக்கிற இடத்துல மேல இருக்கிறவனுக்குக் கீழயும் ஒரு துண்டு இருக்கணும். பழைய ஆளுங்க அதுக்காகத்தான் துண்டு போட்டாங்க. நடக்கத் தெரியாம இல்லை" என்று முடித்தாள்.

துணை மேயரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது எப்படித்தான் ஆரம்பிச்சுது? பலசாலிங்க மிரட்டி வாங்கினாங்கன்னா அதுக்கு ஒரு மாதிரி தீர்மானம் போடணும். நல்ல மனசோட செஞ்சு கெட்டுப்போச்சுன்னா வேற மாதிரி போடணும்."

"யாரும் மிரட்டலைங்க. ரெண்டு நண்பர்கள்…" நொர்மிண்டா கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

"எந்த நண்பர்கள்?"

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தகப்பனாரை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. உதடு பிரிந்தது. அதற்குள் பக்கவாட்டிலிருந்து க்ளாரோ எழுந்துவிட்டார்.

"நான்தாங்க. நான்தான் மொதல்ல கேட்டேன். வீட்டுப் பக்கத்துலயே நிலம் இருந்தா சோம்பேறித்தனமா இருக்கலாமேன்னு."

"பொய்!" என்று ருஃபினோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இவனாவது கேக்கறதாவது! அன்னைக்கு இவன் போதையில தூணைக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டிருந்தான். கேட்டது நான்!"

"தூணைக் கட்டிப் பிடிச்சது நீங்க கும்பாரே. நான் உங்களைத்தான் கட்டிப் பிடிச்சேன்."

"கேட்டது நான்னு சொல்றேன்! என் தப்பை நீ ஏன்டா எடுத்துக்கறே? எல்லாத்தையும் எனக்குக் குடுத்து குடுத்துத்தான் நீ காஞ்சு போயிருக்கே, இதையாவது என்கிட்ட விடு!"

துணை மேயரம்மா மேசையைத் தட்டினார். யாருக்குக் கேட்டது? கொட்டகை சிரித்து உருண்டது. ருஃபினோ சிரிக்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, நான் ரொம்ப வருஷமாத் தலைவன். கொம்பு ஊதறது நான்தான். ஆனா ஊதும்போது எனக்கு அவசரம் இருந்ததில்லை. என் வயலுக்கு எப்படியும் தண்ணி வந்துடும்னு உள்ளுக்குள்ள தெரியும். கும்பாரேவைக் கேட்டா, பரவாயில்லைம்பான். அவன் பரவாயில்லைன்னு சொன்னா நான் நம்பிடுவேன். நம்பறது சுலபமா இருந்துச்சு. என் மக எழுதினது சரி. நாங்க பிரியத்துலதான் செஞ்சோம், ஆனா சரி அவ எழுதினதுதான்."

நொர்மிண்டா மைக்குக்குப் பின்னால் அழுதாள். மைக்கை அணைக்காமலிருந்ததால் கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

தீர்மானம் மாறியது. ஆறு உடைக்கிற ஊர்களில், தலைமடைக்காரர் ஒவ்வொருவரும் கடைமடையில் துண்டு எடுத்துக்கொண்டால்தான் கொரம்பைப் பலப்படுத்தக் கல்லும் கம்பியும் முதலில் கிடைக்கும் என்று எழுதினார்கள். இயந்திரத்துக்கு வழி சொன்னவர் எஞ்சினியர் தெல்ஃபினேதான். துண்டுகளை எல்லாம் ஒரே திசையில் நீளவாக்கில் போட்டு, நடுவரப்பைத் தாழ்த்திவிட்டால், இயந்திரம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே ஓட்டமாக அறுத்துக்கொண்டு போகும் என்று வரைந்து காட்டினார். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கிட்ட யாரும் துண்டு எதுக்குன்னு சொல்லலையே" என்றார். நியாயம்.

பொனிஃபாசியோ முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கல் வேண்டுமே. ருஃபினோவும் க்ளாரோவும் மறுபடி கயிறு போட்டு அளந்தார்கள். க்ளாரோவுக்கு ஒரு முழம் கூட விட்டதாக ருஃபினோ சொல்கிறார். ருஃபினோவுக்குத்தான் ஒரு முழம் கூட விட்டதாக க்ளாரோ சொல்கிறார். யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும், அது என்னோடு இருக்கட்டும்.

அடுத்த புயலுக்கு ஊர் சேவல் கூவுவதற்குள் கொம்பு கூவியது. மழை முழுதாக விட்டிருக்கவில்லை. போய்ப் பார்த்தால், ருஃபினோ மார்பளவு தண்ணீரில் மூங்கிலோடு நிற்கிறார். கரையில் மூளையாக இருக்க ஆள் இல்லை. பொனிஃபாசியோ வீட்டு வாசலில் அவரே போய்க் கத்தியிருக்கிறார்: "உன் கடைமடைத் துண்டுக்கு உன் மோட்டார் சைக்கிளா தண்ணி கொண்டுவரும்? எழுந்து வா!" பொனிஃபாசியோ வந்தான், மருமகனும் வந்தான். மருமகன் சட்டை மடிப்பு அன்றைக்குத்தான் கலைந்தது. நான் அண்டா நிறைய அரிசி போட்டேன், அதுவும் பற்றவில்லை. குழம்பில் பித்தநீர் ஒரு கரண்டி கூடிவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை, அவ்வளவு பசி.

பிப்ரவரியில் ஆறு ஒடுங்கியது. நான் மட்டும் மாற்றவில்லை என்றேனே, தலைமடையில் எனக்கு இருந்த அந்தத் துண்டில் அன்றைக்கு நின்று புல் பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் துண்டு இப்போது க்ளாரோவுடையது. முப்பது வருடத்துக்குப் பிறகு தலைமடையில் அவர் போடுகிற முதல் பூண்டு. பிள்ளைபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடலாம் என்று நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், வாய்க்கால் கரையோடு ஒரு கத்தல் மேலேறி வந்தது.

"எவன்டா அவன், தண்ணிய அடைச்சு வச்சிருக்கறவன்? கண்ணு தெரியாதவனா, மனசு இல்லாதவனா? கீழ நெலம் வாயப் பொளந்து கெடக்கு!"

ருஃபினோ. தோளில் மண்வெட்டி, முழங்கால்வரை புழுதி. கடைமடையிலிருந்து மதகு மதகாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்.

க்ளாரோ பூண்டுப் பாத்தியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான்தான் கும்பாரே."

ருஃபினோ நின்றுவிட்டார்.

"நீயா?"

"பூண்டு நட்டது நேத்துத்தான். இன்னைக்கு ஒருநாள் தண்ணி நிக்கணும். பொறுத்துக்கோங்க."

"பொறுக்கறதா? அங்க போய்ப் பாரு, காலை வச்சா வெடிப்புல கால் போகுது! எப்படிப் பொறுக்கறது?"

"முப்பது வருஷம் நான் பொறுத்த மாதிரிதான்" என்றார் க்ளாரோ.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். அந்த மனிதர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்து நான் கேட்டதேயில்லை. ருஃபினோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"சரி. பொறுக்கறேன்" என்றார். "பேச எனக்கு வாயில்லை. நீ நல்லாத் தேக்கிக்கோ."

திரும்பி நாலு எட்டு நடந்தார். நின்றார்.

"ஆனா ஒண்ணு. என் துண்டுக்கு அடுத்து யாரு துண்டு இருக்குன்னு யோசிச்சுக்கோ."

க்ளாரோ யோசித்தார். வாய்க்காலைப் பார்த்தார், கீழே தூரத்தில் தெரிகிற தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரைக்குப் பின்னால், ருஃபினோ துண்டை ஒட்டினாற்போல், வெடித்துக் கிடப்பது அவருடைய சொந்த நிலம்.

"அடப் பாவி" என்றார்.

பாத்தியைத் தாண்டி ஓடிவந்து, மதகில் வைத்திருந்த மண்கட்டிகளை இரண்டு கையாலும் பிடுங்கிப் போட்டார். ருஃபினோ மண்வெட்டியால் மிச்சத்தைத் தள்ளினார். தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கி, சருகைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடியது. இரண்டு கிழவர்களும் கரையோடு அதன் கூடவே நடந்தார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு.

"சோறு ஆறுது, வாங்க!" என்று கூப்பிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.